நியூ வேவ் நாள்கள் – 14: பாட்டு உண்டு, குழு எங்கே?

லண்டன் நியூ வேவின் கதையைச் சொல்லும்போது ஒரு பெங்களூர்க்காரரை விட்டுவிட முடியாது. பிட்டு அப்பையா என்பது அவர் பெயர். பெங்களூரில் கிடாரும் பீட்டில்ஸ் பாட்டுகளுமாக இளமையைக் கழித்துவிட்டு 1960களின் பிற்பகுதியில் லண்டன் போய்ச் சேர்ந்தார். 1974ல் கார்ல் டக்ளஸைப் பாடவைத்து அவர் உருவாக்கிய ‘குங்ஃபூ ஃபைட்டிங்’ பிரிட்டன், அமெரிக்கா இரண்டிலும் முதலிடத்தைப் பிடித்தது. இரண்டு வருடம் கழித்து டீனா சார்ல்ஸ் பாடிய ‘ஐ லவ் டு லவ்’ பிரிட்டனில் மறுபடியும் முதலிடம். நாட்டுக்கு நாடு டிஸ்கோ பரவிக்கொண்டிருந்த அந்த நாளில், பிரிட்டிஷ் டிஸ்கோவின் ஓசை எப்படி இருக்க வேண்டும் என்று வகுத்தவர்களில் அவர் முக்கியமானவர்.

டீனா சார்ல்ஸ் கச்சேரிகளுக்குப் போக ஒரு பின்னணிக் குழு வேண்டியிருந்தது. பேஸ் கிடார் வாசிக்க டிரெவர் ஹார்ன் வந்தார். கீபோர்டுக்கு விளம்பரம் பார்த்து வந்தவர் ஜெஃப் டவுன்ஸ். இருவருக்கும் பழக்கம் ஏற்பட்டது அந்தக் குழுவில்தான். பிட்டு அடுக்கியிருந்த பின்னணி இசை, ஒரு பாட்டின் ஓசையை எப்படிக் கட்டுவது என்பதில் ஹார்னுக்குப் பெரிய பாடமாக இருந்தது.

இத்தொடரில் இதுவரை பார்த்த குழுக்களில் பெரும்பாலானவை பங்க் பட்டறையில் உருவானவை. மூன்று கார்டு தெரிந்தால் போதும், மேடை ஏறலாம் என்ற துணிச்சலில் வந்த பிள்ளைகள். ஹார்னும் டவுன்ஸும் அந்த இனம் இல்லை. ஹார்ன் இங்கிலாந்தின் வடகிழக்கே டர்ஹம் மாவட்டத்துக்காரர், 1949ல் பிறந்தவர். அப்பா பகலில் பால் பண்ணையில் பராமரிப்புப் பொறியாளர், இரவில் நடன இசைக்குழுவில் டபுள் பேஸ் வாசிப்பவர். சிறுவயதிலேயே அப்பாவிடம் அந்த வாத்தியத்தைக் கற்ற ஹார்ன், வளர்ந்தபின் நடன அரங்குகளிலும் கிளப்புகளிலும் கூலிக்கு வாசித்துப் பிழைத்தவர். டவுன்ஸ் லீட்ஸ் இசைக் கல்லூரியில் படித்துவிட்டு லண்டனில் விளம்பரப் பாட்டுகளுக்கு இசையமைத்துக்கொண்டிருந்தார். நொட்டேஷனைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கத் தெரிந்த தொழில்முறைக் கலைஞர்கள் இவர்கள். இவர்களுடைய பாட்டு வெளியானபோது ஹார்னுக்கு வயது 30. நியூ வேவ் கணக்கில் அது முதிர்ந்த வயது.

மூன்றாவதாகச் சேர்ந்தவர் புரூஸ் வூல்லி. பாட்டெழுதுவதில் வல்லவர். 1978ல் ஒரு பிற்பகல், விம்பிள்டன் பார்க்கில் டவுன்ஸ் குடியிருந்த வீட்டில் மூவரும் உட்கார்ந்தார்கள். அந்த வீட்டுக்குக் கீழே கல்லறைக் கற்கள் செதுக்கும் கடை. மறைந்தவர்களின் பெயரைக் கல்லில் வெட்டும் இடத்துக்கு மேல்மாடியில், மறக்கப்பட்ட ஒரு பாடகரைப் பற்றி ‘வீடியோ கில்ட் தி ரேடியோ ஸ்டார்’ எழுதப்பட்டது. 1952ல் ரேடியோவில் ஒரு பாடகரைக் கேட்டு வளர்ந்த சிறுவன், வளர்ந்து பெரியவனானபின் அந்தப் பாடகரை நினைத்துக்கொள்கிறான். புதிய இயந்திரங்கள் வந்துவிட்டன. படம் வந்துவிட்டது. குரலை மட்டும் வைத்துக்கொண்டு வாழ்ந்தவருக்கு இடம் இல்லை. பாட்டின் கதை இவ்வளவுதான்.

கரு எங்கிருந்து வந்தது என்பதை ஹார்ன் மறைத்ததே இல்லை. ஜே.ஜி.பல்லார்டு 1960ல் ‘தி சவுண்ட் ஸ்வீப்’ என்றொரு சிறுகதை எழுதியிருந்தார். அதில் வாய் பேசாத இளைஞன் ஒருவன் சுவர்களில் படிந்த பழைய ஓசைகளை ஒரு கருவியால் உறிஞ்சிச் சுத்தம் செய்யும் வேலை பார்க்கிறான். காதுக்குக் கேட்காத மீயொலி இசை வந்து வாய்ப்பாட்டை ஒழித்துவிட்ட உலகம் அது. வேலை இழந்த ஓபரா பாடகி ஒருத்தியை அவன் வழிபடுகிறான். இந்தக் கதையோடு, 1978ல் வெளியான கிராஃப்ட்வெர்க்கின் ‘தி மேன் மெஷின்’ ஆல்பமும் ஹார்னின் தலைக்குள் புகுந்துகொண்டது. இரண்டும் சேர்ந்து அவருக்கு ஒரு கற்பனை. வருங்காலத்தில் ஓர் இசைத்தட்டு நிறுவனம் இருக்கும். அதில் பாடகர்களே இருக்க மாட்டார்கள். அடித்தளத்தில் ஒரு கம்ப்யூட்டர் பாட்டுகளையும் குழுக்களையும் தயாரித்துத் தள்ளும். அப்படித் தயாரான குழுக்களில் ஒன்றுதான் ‘தி பகிள்ஸ்’. நாற்பத்தைந்து வருடத்துக்கும் முன்னால் வந்த யோசனை இது. இன்று கணினி எழுதிப் பாடும் பாட்டுகள் செல்பேசியில் வந்து விழும்போது, அந்த அடித்தளக் கம்ப்யூட்டரை எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

பாட்டு எழுதி முடிந்த கொஞ்ச காலத்தில் வூல்லி விலகினார். ‘கேமரா கிளப்’ என்று சொந்தக் குழு தொடங்கி, இதே பாட்டைத் தன் பாணியில் பதிவும் செய்தார். பின்னாளில் புகழ்பெற்ற தாமஸ் டால்பி அந்தக் குழுவில் கீபோர்டு வாசித்தார். கிடார் தூக்கலாக ஒலிக்கும் அந்த வடிவம் நல்ல ராக் பாட்டு. ஆனால் கேட்டவர்கள் அதைக் கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

ஹார்னும் டவுன்ஸும் மாதிரிப் பதிவு ஒன்றைத் தயாரித்தார்கள். அதில் பாடியவர் டீனா சார்ல்ஸ். அதைக் கேட்ட இருவர் உடனே ஒப்பந்தம் பேச முன்வந்தார்கள். ஒருவர் சார்ம் ஈஸ்ட் ஸ்டூடியோவை நடத்திவந்த ஜில் சின்க்ளேர். இன்னொருவர் பாப் மார்லியை உலகறியச் செய்த ஐலண்டு ரெக்கார்ட்ஸ் கிறிஸ் பிளாக்வெல். ஒப்பந்தம் பிளாக்வெல்லோடு முடிந்தது. ஜில் சின்க்ளேரை ஹார்ன் 1980ல் திருமணம் செய்துகொண்டார். ஜில்லின் பங்கு பின்னால் வருகிறது.

இனி ஒலிப்பதிவு. இந்தப் பாட்டின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பதால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

வாத்தியங்களை மேற்கு லண்டனில் டவுன் ஹவுஸ் ஸ்டூடியோவில் பன்னிரண்டு மணி நேரத்தில் பதிவு செய்துவிட்டார்கள். குரல்களும் கலவையும் சார்ம் ஈஸ்டில். அங்கே வேலை நீண்டது. மூன்று மாதத்துக்கும் மேல் ஒரே பாட்டோடு மல்லுக்கட்டினார்கள். கலவைப் பொறியாளர் கேரி லாங்கன் திரும்பத் திரும்பக் கலந்தார். டிரம்ஸைக் கேட்டால் இயந்திரம் அடிப்பதுபோலத் துல்லியமாக இருக்கும். அடித்தவர் மனிதர்தான், பெயர் பால் ராபின்சன். நம்பிப் பயன்படுத்தும்படியான டிரம் மெஷின் அன்று கைக்கு வரவில்லை. அதனால் மனிதனை இயந்திரமாக வாசிக்கச் சொன்னார்கள்.

குரலுக்கு வேறொரு வழி. ஹார்ன் பாடியதை நேரே பதியாமல், கிடார்காரர்கள் பயன்படுத்தும் வாக்ஸ் ஏசி30 ஆம்ப்ளிஃபயர் வழியாக விட்டுத் திரும்பப் பிடித்தார்கள். குரலின் அடிப்பகுதியும் உச்சியும் உதிர்ந்து, நடுப்பகுதி மட்டும் மூக்கடைத்தாற்போல் மிஞ்சியது. பழைய வால்வ் ரேடியோவில் வருகிற குரல் அப்படியே. பல்லவிக்கு மட்டும் டெபி டாஸ், லிண்டா ஜார்டிம் என்ற இரு பாடகிகள். அவர்களின் குரலில் எந்தச் சுருக்கமும் இல்லை. கண்ணாடிபோலத் தெளிவு, அமெரிக்க உச்சரிப்பு, விளம்பரப் பாட்டின் மினுக்கு. ஆக, சரணம் 1952ல் ஒலிக்கிறது, பல்லவி 1979ல் ஒலிக்கிறது. ஒன்றை மற்றொன்று விரட்டுவதைச் சொற்களில் சொல்வதற்கு முன்பே ஓசையில் சொல்லிவிட்டார்கள். எத்தனையோ பேர் இந்தப் பாட்டைப் பாடியிருக்கிறார்கள். ஹார்னின் பதிவுக்கு அருகில் எதுவும் வராததற்குக் காரணம் இதுதான் என்று தோன்றுகிறது. மெட்டை யாரும் எடுத்துக்கொள்ளலாம். அந்த இரண்டு காலங்களைக் கட்டிவைத்த கைவேலையை எடுத்துக்கொள்ள முடியாது.

1979 செப்டம்பரில் சிங்கிள் வெளியானது. அக்டோபர் 20 அன்று பிரிட்டிஷ் தரவரிசையில் முதலிடம். அதுவரை மேலே இருந்தது தி போலீஸின் ‘மெசேஜ் இன் எ பாட்டில்’. ஒரே வாரத்தில் பகிள்ஸை இறக்கியது லீனா மார்டெல் பாடிய பக்திப் பாட்டு ஒன்று. பிரிட்டனில் ஒரு வாரம்தான் என்றாலும் ஆஸ்திரேலியா, பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின், ஸ்வீடன் என்று நாடு நாடாக முதலிடம் ஏறியது. அமெரிக்கர்கள் மட்டும் அசையவில்லை. அங்கே 40வது இடத்தைத் தொட்டதோடு சரி.

வெற்றி வந்ததும் நிறுவனம் ஆல்பம் கேட்டது. ‘தி ஏஜ் ஆஃப் பிளாஸ்டிக்’ 1980 ஜனவரியில் வந்தது. எட்டே பாட்டுகள். பிரிட்டனில் 27வது இடம். அதிலிருந்து எடுத்த சிங்கிள்கள் 16, 38, 55 என்று படிப்படியாக இறங்கின. ஆக, கணக்குப்படி இவர்களை ‘ஒரே பாட்டுக்காரர்கள்’ என்று சொல்வதுகூடச் சரியில்லை. ஆனால் நினைவு தரவரிசை பார்த்து நடப்பதில்லை. மற்ற ஏழு பாட்டுகளையும் தேடிக் கேட்கும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்ளத் தோன்றுகிறது, முக்கியமாக ‘எல்ஸ்ட்ரீ’. லண்டனுக்கு வெளியே இருந்த புகழ்பெற்ற படப்பிடிப்புத் தளத்தின் பெயர் அது. அங்கே நடித்துப் பெரிதாக வராமல்போன ஒருவர் பழைய நாள்களை எண்ணிப் பார்க்கும் பாட்டு. ரேடியோ பாடகரின் தம்பி என்றே அவரைச் சொல்லலாம். மறக்கப்பட்ட கலைஞர்கள்மீது ஹார்னுக்கு இருந்த பரிவு ஒரு பாட்டோடு தீர்ந்துவிடவில்லை.

சிங்கிளுக்கு ஒரு படமும் எடுத்திருந்தார்கள். இயக்கியவர் ஆஸ்திரேலியர் ரஸல் மல்கஹி. பின்னாளில் டுரான் டுரானின் வீடியோக்களையும் ‘ஹைலேண்டர்’ படத்தையும் இயக்கப்போகிறவர். தென் லண்டனில் ஒரு நாள் படப்பிடிப்பு. பழைய ரேடியோவின் முன்னால் ஒரு சிறுமி, பிளாஸ்டிக் குழாய்க்குள் வெள்ளி உடை அணிந்த பெண், பெரிய கண்ணாடி போட்ட ஹார்ன், கீபோர்டுகளுக்கு நடுவே டவுன்ஸ். கறுப்புச் சட்டையில் இன்னோர் இளைஞரும் கீபோர்டு முன் தெரிவார். ஜெர்மனியிலிருந்து வந்து பகிள்ஸோடு வேலை பார்த்துக்கொண்டிருந்த அவர் பெயர் ஹான்ஸ் ஸிம்மர். ‘தி லயன் கிங்’, ‘டியூன்’ படங்களுக்கு ஆஸ்கர் வாங்கியவர். ‘ராமாயணா’ படத்துக்காக ஏ.ஆர்.ரஹ்மானோடு கைகோத்திருப்பவரும் அவர்தான்.

1980 வசந்த காலத்தில் யாருமே எதிர்பாராதது நடந்தது. பிராக்ரெஸிவ் ராக்கின் பெரிய பெயர்களில் ஒன்றான ‘யெஸ்’ குழுவிலிருந்து பாடகர் ஜான் ஆண்டர்சனும் கீபோர்டுக் கலைஞர் ரிக் வேக்மனும் விலகியிருந்தார்கள். யெஸ்ஸுக்கும் பகிள்ஸுக்கும் ஒரே மேலாளர், பிரையன் லேன். ஹார்னும் டவுன்ஸும் ஒரு பாட்டைக் கொடுக்கலாம் என்று போனவர்கள், குழுவிலேயே சேர்ந்துவிட்டார்கள். நியூ வேவ் ரசிகருக்கு யெஸ் என்றால் ஆகாது. இருபது நிமிடப் பாட்டுகளுக்கு எதிராகத்தான் அந்த அலையே எழுந்தது. யெஸ் ரசிகருக்கோ மூன்றரை நிமிட பாப் பாட்டுக்காரர்கள் தங்கள் மேடையில் ஏறியது பொறுக்கவில்லை. ஆகஸ்டில் வந்த ‘டிராமா’ ஆல்பம் பிரிட்டனில் இரண்டாம் இடம் பிடித்தது. செப்டம்பரில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்குயர் கார்டனில் மூன்று இரவுகள் அரங்கு நிறைந்தது. பிரிட்டனுக்குத் திரும்பியதும் நிலைமை மாறியது. கூட்டத்திலிருந்து கூச்சல். ஆண்டர்சனின் உச்ச ஸ்தாயிக்கு எழுதப்பட்ட பாட்டுகளை இரவுக்கு இரவு பாடி ஹார்னின் தொண்டை தேய்ந்தது. ஸ்டூடியோவில் தன் குரலைச் சுருக்கிச் சுருக்கி ஒரு பாத்திரத்தைப் படைத்தவரை, கருவிகளின் துணை இல்லாமல் இன்னொருவரின் குரலாக நிற்கவைத்தார்கள். அவருக்குக் கிடைத்த அவமதிப்பு நியாயமானதல்ல. சுற்றுப்பயணம் முடிந்ததும் குழு கலைந்தது.

ஹார்னும் டவுன்ஸும் திரும்பிவந்து இரண்டாவது பகிள்ஸ் ஆல்பத்தைத் தொடங்கினார்கள். டவுன்ஸ் நிற்கவில்லை. யெஸ்ஸின் ஸ்டீவ் ஹவ், கார்ல் பாமர், ஜான் வெட்டன் ஆகியோரோடு ‘ஏஷியா’ குழுவில் சேர்ந்துவிட்டார். அவர்களின் முதல் ஆல்பம் 1982ல் அமெரிக்காவில் ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்தது. ஹார்ன் பெரும்பாலும் தனியாக முடித்த ‘அட்வென்சர்ஸ் இன் மாடர்ன் ரெக்கார்டிங்’ 1981 நவம்பரில் வந்து, பிரிட்டனில் எடுபடாமல் போனது. அப்போதைக்கு பகிள்ஸின் கதை அதோடு முடிந்தது.

தேதிகளைக் கவனியுங்கள். 1981 ஆகஸ்டு 1, நள்ளிரவு தாண்டி ஒரு நிமிடம். அமெரிக்காவில் எம்டிவி என்ற புதிய கேபிள் சேனல் பிறந்தது. நிலவுக்குப் போன ராக்கெட் கிளம்பும் காட்சி, அடுத்து முதல் வீடியோ: ‘வீடியோ கில்ட் தி ரேடியோ ஸ்டார்’. சேனலை நடத்தியவர்களின் அலுவலகம் மன்ஹாட்டனில். அங்கே அந்தச் சேனல் தெரியாது என்பதால் ஆற்றைக் கடந்து நியூஜெர்சியின் ஃபோர்ட் லீ ஊரில் ஓர் உணவகத்தில் கூடித் தங்கள் சேனலைப் பார்த்தார்கள். நாற்பதாவது இடத்தோடு நின்ற ஒரு பாட்டு எம்டிவி வரலாற்றில் முதல் வரியானது அன்றுதான். அந்த நேரத்தில் குழுவில் இருந்தது ஒருவர்.

எம்டிவியின் கையில் அப்போது வீடியோக்கள் குறைவு. பாட்டுக்குப் படம் எடுக்கும் பழக்கம் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும்தான் வேரூன்றியிருந்தது. அதனால் டுரான் டுரான், கல்ச்சர் கிளப், எ ஃப்ளாக் ஆஃப் சீகல்ஸ் போன்ற பிரிட்டிஷ் குழுக்கள் அமெரிக்க வீடுகளுக்குள் நேராக நுழைந்தன. ரேடியோ நிலையங்கள் சீண்டாத குழுக்கள் அவை. முகமும் உடையும் முடியலங்காரமும் பாட்டோடு சேர்ந்தே விற்றன. பாடக் கூடியவர், பார்க்கக் கூடியவராகவும் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் வந்தது. பாட்டு முன்கூட்டிச் சொன்னதும் அதையேதான்.

இந்த மெட்டு கிழக்கே வந்த வழியும் சுவையானது. 1982ல் வெளியான ‘டிஸ்கோ டான்ஸர்’ இந்திப் படத்தில் பப்பி லஹிரி இசையில் ‘கோயி யஹா(ங்) நாச்சே நாச்சே’ என்றொரு பாட்டு. பல்லவியில் பகிள்ஸின் மெட்டு அப்படியே கேட்கும். லஹிரியோடு பாடியவர் உஷா உதுப். மும்பையில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த அவர், அன்று உஷா ஐயர் என்ற பெயரில், 1969ல் சென்னை மவுண்ட் ரோட்டில் ‘நைன் ஜெம்ஸ்’ என்ற கிளப்பில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு மேற்கத்தியப் பாட்டுகள் பாடித்தான் மேடை வாழ்க்கையைத் தொடங்கினார். மிதுன் சக்ரவர்த்தியின் அந்தப் படம் சோவியத் யூனியனில் பெரும் கூட்டத்தைக் கூட்டியது. எம்டிவி எட்ட முடியாத அந்த நாட்டின் திரையரங்குகளிலும் விம்பிள்டன் பார்க் மெட்டு ஒலித்தது, உஷா உதுப்பின் கம்பீரக் குரலில்.

ஹார்னுக்கு என்ன ஆயிற்று? இந்த இடத்தில் ஜில் சின்க்ளேர் வருகிறார். பாடகராக நீ எப்போதும் இரண்டாம் தரம்தான், பாட்டுகளைத் தயாரிப்பதில் இறங்கினால் உலகத்தில் உன்னை மிஞ்ச ஆள் இருக்காது என்று கணவரிடம் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். ஹார்னே பலமுறை சொல்லியிருக்கும் செய்தி இது. அவர் கேட்டுக்கொண்டார். ‘டாலர்’ என்ற இருவர் குழுவுக்குச் சில சிங்கிள்கள், பிறகு 1982ல் ஏபிசியின் ‘தி லெக்சிகன் ஆஃப் லவ்’, பிரிட்டனில் முதலிடம். தன்னை மேடையில் தவிக்கவிட்டு, மறுபடி கூடிய யெஸ்ஸுக்கே 1983ல் ‘90125’ ஆல்பத்தைத் தயாரித்தார். அதிலிருந்த ‘ஓனர் ஆஃப் எ லோன்லி ஹார்ட்’ அடுத்த ஜனவரியில் அமெரிக்காவில் முதலிடம். கணவனும் மனைவியும் பத்திரிகையாளர் பால் மோர்லியோடு சேர்ந்து தொடங்கிய இஸட்டிடி நிறுவனம் ஃப்ராங்கி கோஸ் டு ஹாலிவுட்டின் ‘ரிலாக்ஸ்’ பாட்டை வெளியிட்டது. பிபிசி தடை செய்தது. தடை இருக்கும்போதே ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது. அதே குழுவின் ‘டூ டிரைப்ஸ்’ ஒன்பது வாரம். 1984 நவம்பரில் எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக பேண்ட் எய்டு பாட்டு பதிவானது ஹார்ன் இலவசமாகக் கொடுத்த ஸ்டூடியோவில். சீல் பாடிய ‘கிஸ் ஃப்ரம் எ ரோஸ்’ 1996ல் கிராமி வாங்கியது. 1980களின் பிரிட்டிஷ் பாப் இசையின் அடையாளமாக இன்று நாம் காணும் ஓசையில் ஒரு பெரிய பங்கு இந்த ஒருவரின் காதிலிருந்து வந்தது. இவரை ‘ஒரு பாட்டு மனிதர்’ என்று எழுதுகிற பட்டியல்கள், இசைத்தட்டின் முன்னட்டையைப் பார்த்துவிட்டுப் பின்னட்டையைத் திருப்பிப் பார்க்காதவை. ஜில் சின்க்ளேர் 2014ல் மறைந்தார். ஹார்னின் சாதனை என்று எண்ணப்படும் ஒவ்வொன்றிலும் அவருக்குப் பாதி உண்டு.

மேடைக் கணக்கு ஒன்று பாக்கி இருந்தது. பாட்டு முதலிடத்தில் இருந்தபோது பகிள்ஸ் சுற்றுப்பயணம் போகவே இல்லை. போக ஒரு குழு வேண்டுமே. இருந்தது இரண்டு பேரும் ஒரு ஸ்டூடியோவும். 2004 நவம்பரில் வெம்ப்ளி அரங்கில் நடந்த ஓர் அறக்கொடை நிகழ்ச்சியில் ஹார்ன், டவுன்ஸ், வூல்லி, இரு பாடகிகள், டிரம்ஸ் அடித்த ராபின்சன் எல்லாரும் ஒன்றாக நின்று அந்தப் பாட்டை வாசித்தார்கள். முழு நீளக் கச்சேரி என்று ஒன்று 2010 செப்டம்பரில்தான் லண்டனில் நடந்தது, பாட்டு வந்து முப்பத்தோரு வருடம் கழித்து. 2023ல் சீல் வட அமெரிக்காவில் சுற்றுப்பயணம் போனபோது, அவருக்கு முன்னால் மேடை ஏறியது ‘தி பகிள்ஸ்’. எழுபதைத் தாண்டிய ஹார்ன் பேஸ் கிடாரோடு நின்று பாடினார். டவுன்ஸ் அந்த மேடையில் இல்லை. அவர் யெஸ்ஸில் இருந்தார்.

(தொடரும்)